ஸ்ரட் நீளமும் எட்டுச் சுற்றுக் கணக்கும்

கார்ச் சில்லைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால் எங்கடை ஆக்களில் பத்துக்கு ஒன்பது பேர் "நட்" என்றுதான் சொல்லுவினம். நட்டை இறுக்கினால் காரியம் முடிந்தது. நட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்ரட் இருக்கிறது, அதற்கொரு நீளம் இருக்கிறது, அந்த நீளத்தைக் காருக்கு மட்டுமல்ல அன்றைக்குப் பூட்டுகிற றிம்முக்கும் சேர்த்துப் பார்க்கவேணும் என்பதை ரொரன்ரோவில் ஒவ்வொரு நவம்பரிலும் ஆருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். கராஜ் வேலைக்குப் போய் 20 வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் சொல்லி முடியவில்லை.

அரசியல் இருக்குமென்று நினைத்து வந்தவர்கள் இந்த முறை பொறுத்தருள வேணும். கிறீஸ் கையோடைதான் எழுதுகிறேன்.

எழுத வைத்தவன் மருமகன். அக்காவின் மகன். அத்தான் 2009இல் வன்னிக்குள் நின்றவர், பிறகு வந்து சேரவில்லை. அக்காவும் பிள்ளையும் இங்கே வந்தபோது அவனுக்கு ஆறு வயது. இப்போது கல்லூரி, இரவில் சாப்பாடு டெலிவரி. சொந்தக் காசில் வாங்கிய முதல் கார் 2008ஆம் ஆண்டு ரொயோற்றா கொறோலா. காரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் இருபது வயதுப் பெடியனுக்கு இரும்பு றிம்மும் பிளாஸ்ரிக் மூடியும் போட்ட கொறோலா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஆரோ ஒருத்தர் சுபாறு இம்பிறீசாவில் இருந்து கழற்றி விற்ற அலோய் றிம் நாலு வாங்கி வந்துவிட்டான். இரண்டு காருக்கும் அஞ்சு ஓட்டை, 100 மில்லிமீற்றர் வட்டம். பொருந்தும் என்று கேள்விப்பட்டது உண்மைதான். பாதி உண்மை.

மிச்சப் பாதி இது. சுபாறு றிம் சில்லைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்து வைக்கும். முன்சில்லு உள்ளே இருக்கிற ஸ்ரறட்டோடு உரசாமல் இருக்க, ஹப்புக்கும் றிம்முக்கும் இடையில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு அலுமினியத் தட்டு வாங்கிப் போட்டிருக்கிறான். ஸ்பேசர் என்பது அதைத்தான். றிம்மோடு வந்த சுபாறு நட் இரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிட்டதாம். நிற்கத்தானே வேணும்: சுபாறுவின் புரி 12க்கு 1.25, ரொயோற்றாவின் புரி 12க்கு 1.5. விட்டம் ஒன்று, புரி வேறு. நல்ல காலம், பலவந்தப்படுத்தாமல் வேறு நட் வாங்கிப் பூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்ட வந்தான்.

"மாமா, வடிவா இருக்கோ?"

வடிவாகத்தான் இருந்தது. நான் ஜக்கைப் போட்டு ஒரு நட்டைக் கழற்றினேன். எண்ணிக்கொண்டே கழற்றினேன். நாலரைச் சுற்றில் நட் கையோடு வந்துவிட்டது.

"இறுகித்தானே மாமா இருந்தது? ரோர்க் றெஞ்ச்சும் கிளிக் எண்டு சத்தம் போட்டது."

இதிலைதான் எல்லாரும் விழுகிற இடம். றெஞ்ச் என்ன அளக்கிறது? நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதை மட்டும்தான். எத்தனை புரி பிடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கொறோலாவுக்குச் சொல்லப்பட்ட 103 நியூற்றன் மீற்றரை நாலரைச் சுற்றும் ஒருநாள் தாங்கும். பள்ளத்தில் விழுந்து, வளைவில் சாய்ந்து, உறைந்து, இளகி, மாதக்கணக்கில் தாங்குமா என்பதுதான் கேள்வி.

கராஜ்களில் நாங்கள் வைத்திருக்கிற கணக்கு சுகமானது. ஸ்ரட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட்டின் புரி அதில் பிடித்திருக்க வேணும். 12 மில்லிமீற்றர் ஸ்ரட் என்றால் 12 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர் நகரும் புரி என்றால் எட்டுச் சுற்று. ரொயோற்றா, ஹொண்டா இந்த வகை. நிசான், சுபாறுவில் புரி நெருக்கம், ஆகவே ஒன்பதரைக்கு மேல். 14க்கு 1.5 என்றால் அதுவும் ஒன்பதுக்கு மேல். கையால் திருப்பி, முதல் புரி பிடித்ததில் இருந்து நட் போய் றிம்மில் அமரும் வரைக்கும் எண்ண வேண்டியதுதான். ஒரு சதம் செலவில்லை.

வேணியரை எடுத்து அவனையே அளக்க விட்டேன். டிஸ்க்கின் முகத்தில் இருந்து ஸ்ரட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது 28 மில்லிமீற்றர். றிம்மில் பின்பக்கத்தில் இருந்து நட்டின் புரி தொடங்குகிற இடம் வரை 11. ஸ்பேசர் இல்லாவிட்டால் மிச்சம் 17, அதாவது 11 சுற்று. கொம்பனி கொடுத்த நீளத்தில் இவ்வளவு தாராளம் இருக்கிறது. அதற்குள் 10 மில்லிமீற்றர் தட்டைச் சொருகினால் மிச்சம் 7. ஏழை ஒன்றரையால் பிரித்தால் நாலரையும் கொஞ்சமும். அவன் எண்ணியதும் நான் எண்ணியதும் வேணியர் சொன்னதும் ஒன்றுதான்.

"அப்ப நீளமான ஸ்ரட் போடுவம்" என்றான். தயாராகத்தான் வந்திருக்கிறான். பின் சீற்றில் இருந்து ஒரு பெட்டியை எடுத்தான். 20 ஸ்ரட், ஒவ்வொன்றும் 3 அங்குலம், ஓட்டப் பந்தயக் காரில் போடுகிறது. இணையத்தில் பாதி விலைக்கு வாங்கினானாம். "நீளம் கூடினால் நல்லதுதானே மாமா?"

பெட்டியில் ஹொண்டா என்று போட்டிருந்தது.

ஸ்ரட்டின் தலைக்குக் கீழே சின்னச் சின்னப் பல்லு வெட்டின ஒரு பகுதி இருக்கும். ஹப்பின் ஓட்டைக்குள் அழுத்தி ஏற்றும்போது அந்தப் பல்லுத்தான் ஸ்ரட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும். பழைய ரொயோற்றாக்களில் அந்தப் பகுதியின் விட்டம் 14.3 மில்லிமீற்றர். ஹொண்டாவில் 12.3. புரி இரண்டுக்கும் ஒன்று என்பதால் ரொயோற்றா நட் ஹொண்டா ஸ்ரட்டில் பட்டுப் போலப் போகும். ஆனால் அந்த ஸ்ரட் கொறோலா ஹப்பின் ஓட்டைக்குள் கையாலேயே போய் விழும். நட்டை இறுக்கினால் கூடவே சுற்றும். கழற்றவும் ஏலாது, இறுக்கவும் ஏலாது. ஆகவே ஸ்ரட் வாங்குகிறவர்கள் நீளத்தைக் கேட்க முதல் கேட்க வேண்டியது இந்தப் பல்லு விட்டத்தை. கடைக்காரன் "எல்லாத்துக்கும் போகும்" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கோ.

சரி, பல்லுப் பொருந்துகிற 3 அங்குல ஸ்ரட் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நீளம் கூடினால் நல்லதா?

இங்கே எனக்கு ஊர் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின காலம். ஸ்ரான்லி வீதிக்குக் கிட்ட ஒரு லேத் பட்டறையில் நான் எடுபிடி. தண்ணி இறைக்கிற இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, அதில் இருந்து பெல்ற் போட்டு லேத்தைச் சுற்றுவோம். மொறிஸ் மைனரின் ஸ்ரட் 3/8 அங்குலம், சில்லுக்கு நாலே நாலு. புதிது வாங்க இடமில்லை. பழைய லொறி அச்சை வெட்டிக் கடைந்துதான் ஸ்ரட் செய்தோம்.

முதலாளி கதை குறைவான மனிதர். ஹயர் ஓடுகிற ஒருவர் வந்து, "அண்ணை, கொஞ்சம் நீட்டிக் கடைஞ்சு தாங்கோ, பிடி கூடும்" என்றால் மாட்டேன் என்பார். நட்டுக்கு வெளியே இரண்டு புரி தெரிந்தால் போதும் என்பது அவருடைய அளவு. மிச்சம் நீட்டினது எல்லாம் மண்ணும் துருவும் பிடிக்கத்தான், நட்டைக் கழற்றுகிற அன்றைக்குப் புரியைத் தின்றுகொண்டு வரும் என்பார். கடைந்து வெட்டின புரி, உருட்டி எடுத்த புரியை விடப் பலம் குறைவு என்பதும் அவருக்குத் தெரியும். கொம்பனி ஸ்ரட்டில் புரியை வெட்டுவதில்லை, உருக்கை அழுத்தி உருட்டித்தான் எடுக்கிறார்கள். எங்கள் லேத்தில் அதற்கு வழி இல்லை. அதனால் "மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்டு" என்றுதான் ஒவ்வொருவரையும் அனுப்புவார். கிளாலிக்கு ஆக்களை ஏற்றி இறக்கின கார்கள் அவை. ஏழெட்டுப் பேர், மூட்டை முடிச்சு, இரவு, வெளிச்சம் போடாத ஓட்டம். அந்தக் கார்களில் சில்லுக் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் அவர் ஒவ்வொரு ஸ்ரட்டையும் அளந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த நட்கள் இரண்டு பக்கமும் திறந்தவை. ஸ்ரட் எவ்வளவு நீட்டினாலும் வெளியே வந்துவிடும். இன்றைக்குக் கார்களில் இருப்பவை கனக்கத் தொப்பி நட், ஒரு பக்கம் மூடினவை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்ரட்டின் நுனி தொப்பியின் உட்பக்கத்தில் முட்டினால் நட் அதற்கு மேல் நகராது. றெஞ்ச் கிளிக் என்று சொல்லும். நட் இறுகியிருக்கும். சில்லு இறுகியிராது.

மருமகனின் தொப்பி நட்டின் உள் ஆழம் 31 மில்லிமீற்றர். ஸ்பேசர் 10, றிம் 11, நட் 31. கூட்டினால் 52. டிஸ்க்கில் இருந்து ஸ்ரட் 52க்கு மேல் நீட்டினால் முட்டும். 3 அங்குல ஸ்ரட்டில் தலையும் ஹப்பும் டிஸ்க்கும் போக 57 நீட்டும். நட் றிம்மைத் தொட 5 மில்லிமீற்றர் இருக்கும்போதே நின்றுவிடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும், குழந்தைப்பிள்ளையும் கண்டுபிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கொல்லும். கணக்கைப் பாருங்கோ. கீழ் எல்லை: ஸ்பேசர் 10, றிம் 11, பிடி 12, மொத்தம் 33. மேல் எல்லை 52, அதில் இரண்டு மூன்று விட்டுவிட்டால் 49. கொம்பனி ஸ்ரட்டை விட 10 மில்லிமீற்றர் நீளமானது போட்டால் 38 நீட்டும். நடுவில் அழகாக இருக்கிறது. ஸ்பேசர் எவ்வளவு தடிப்போ ஸ்ரட்டும் அவ்வளவு வளர்ந்தால் பழைய 11 சுற்று திரும்பக் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் இதைத்தான் சொல்லுவான், நானும் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் நாங்கள் இருப்பது கனடா. நவம்பரில் அலோய் கழரும், பனிக்கால ரயர் பூட்டின இரும்பு றிம் ஏறும். கியூபெக்கில் அது 2008இல் இருந்து சட்டம், ஒன்ராறியோவில் அவரவர் புத்தி. இரும்பு றிம்முக்கு ஸ்பேசர் தேவையில்லை, அதைக் கழற்றி வைத்துவிடுவான். இவனுடைய இரும்பு றிம்மில் நட்டின் புரி தொடங்குகிற இடம் 6 மில்லிமீற்றர். 38இல் 6 போனால் 32. நட்டின் உள் ஆழம் 31.

ஒரு மில்லிமீற்றர்.

இரும்பு றிம் ஹப்பின் துருவில் இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கையால் ஆட்டினால் ஆடாது. இருட்டுகிற நேரம், குளிர், எயார் கன்னால் அடித்து, றெஞ்ச் கிளிக் சொல்லி, அஞ்சு நட்டும் சரி. ஆனால் அஞ்சில் ஒன்றுகூட றிம்மை அழுத்திக்கொண்டு இருக்காது. கோடை றிம்முக்குச் சரியான ஸ்ரட், அதே காரில், அதே நட்டோடு, பனிக்கால றிம்முக்குப் பிழையான ஸ்ரட். இதைத்தான் நான் அவனுக்கு அன்று இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டான். நல்ல கேள்வி. காரின் பாரத்தை ஸ்ரட் ஆணி மாதிரிச் சுமக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்ரட் ஒரு துளி நீளுகிறது, றப்பர் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவையில் றிம் ஹப்போடு அமத்திப் பிடிக்கப்படுகிறது. பாரத்தைச் சுமப்பது அந்த இரண்டு முகங்களுக்கும் இடையில் இருக்கிற உராய்வு. அமத்தல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்ரட் ஒருக்கா வளைந்து நிமிரும். கொறோலாவின் சாதாரண ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 500 தரம் சுற்றும். ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு ஒரு சாப்பாட்டுப் பொதி கொண்டுபோனால் எத்தனை ஆயிரம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கோ. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறித்திருப்பீர்கள்தானே.

1990களின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் லொறிகளில் இருந்து கழன்று பறந்த சில்லுகள் மற்றக் கார்களில் போனவர்களைக் கொன்றன. பெரிய கூச்சலுக்குப் பிறகு 1997இல் சட்டம் வந்தது. வர்த்தக வாகனத்தில் சில்லுக் கழன்றால் 'நாங்கள் கவனமாய்த்தான் பார்த்தோம்' என்று சொல்லித் தப்ப முடியாது, தண்டம் 2,000 டொலரில் இருந்து 50,000 வரை. மருமகனின் கொறோலா அந்தப் பிரிவுக்குள் வராது. ஆனால் 401இல் எதிரே வருகிறவனுக்கு அது லொறிச் சில்லா கொறோலாச் சில்லா என்று பார்க்க நேரம் இருக்காது.

ஜேர்மனியில் இருக்கிற மச்சானிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே கனக்கக் கார்களில் ஸ்ரட்டே இல்லை, ஹப்புக்குள் நேரே போல்ட்தான் போகும். 12க்கு 1.5 என்றால் ஆகக் குறைந்தது ஆறரைச் சுற்று, 14க்கு 1.5 என்றால் ஏழரை என்பது அவர்கள் பார்க்கிற அளவு. எங்கள் எட்டைவிடக் குறைவு. ஆனால் ஸ்பேசர் போடுகிறதென்றால் அதற்குரிய அத்தாட்சிப் பத்திரம் வேணும், அது இல்லாவிட்டால் சோதனையில் காரை மறித்துவிடுவார்கள். இங்கே ஆரும் எதையும் வாங்கிப் பூட்டலாம். சுதந்திர நாடு என்று சும்மாவா சொல்லுகிறார்கள் ;-)

அன்றைக்கு அவனை ஸ்பேசரோடு போக நான் விடவில்லை. பழைய இரும்பு றிம்மைப் பூட்டித்தான் அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். இரவு அக்கா எடுத்தா.

"தம்பி, அவன் ஆசைப்பட்டு வாங்கினவன். நீ ஏதும் பேசினியோ?"

"பேசேல்லை அக்கா. எண்ணிக் காட்டினனான்."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வடிவா எண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

இரண்டு கிழமை கழித்து அவனாகவே வந்தான். பல்லு விட்டம் 14.3, கொம்பனி ஸ்ரட்டைவிட 10 மில்லிமீற்றர் நீளம், முன் இரண்டு சில்லுக்கும் 10 ஸ்ரட் எடுப்பித்திருந்தேன். நுனியில் புரி வெட்டாத மூக்கு இருக்கிறதா என்றும் பார்த்தேன், சில நீள ஸ்ரட்களில் ஏழெட்டு மில்லிமீற்றர் வெறும் மூக்காக இருக்கும், அது நீளத்தில் சேரும், பிடியில் சேராது. ஹப்பைக் கழற்றிப் பிரஸ்ஸில் வைத்து ஏற்றினோம். நட்டைப் போட்டு இழுத்தும் ஏற்றலாம்தான், ஆனால் தலை ஹப்பின் பின்பக்கத்தில் முழுக்க அமர்ந்துவிட்டதா என்று வடிவாகப் பார்க்க வேணும். அரைகுறையாக அமர்ந்த தலை பிறகு ஓட்டத்தில் அமரும், அமர்ந்தால் நட் இளகும். நடுவில் ஹப்பின் விளிம்பைப் பிடிக்கிற வளையத்தோடு வருகிற ஸ்பேசரை மாற்றி எடுத்தோம். தொப்பி நட்டை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் திறந்த நட். உப்பில் நுனி துருப்பிடிக்கும், அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டியதுதான். புரியில் எண்ணெய் பூசச் சொல்லி ஆராவது சொன்னால் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன், எண்ணெய் பட்டால் அதே 103இல் ஸ்ரட் அளவுக்கு மிஞ்சி இழுபடும்.

நட்டைப் பூட்டும்போது அவன் வாய்க்குள் எண்ணினான். 11. மற்றப் பக்கம் போய் அங்கேயும் எண்ணினான். 100 கிலோமீற்றர் ஓடினபிறகு றெஞ்ச்சோடு வரச் சொன்னேன், 60இலேயே வந்துவிட்டான்.

ஹொண்டா ஸ்ரட் 20உம் இன்னும் என்னுடைய தட்டில் பெட்டியோடு கிடக்கின்றன. பழைய சிவிக்கில் தடிச்ச ஸ்பேசரும் திறந்த நட்டும் வைத்திருக்கிற ஆராவது கராஜ் பக்கம் வந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். காசு வேண்டாம், காரைக் கொண்டுவந்து அளக்க விட்டால் போதும்.